தொடக்கப்பள்ளி அறிவிப்பும் அதன் பின்னுள்ள வரலாறும்



யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கோயில் எழுந்த கதையையோ, கொடிமரம் நாட்டிய கதையையோ நாம் எழுதுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவற்றை எழுதத் தகுதியுள்ள பெரியோர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்ல நாம் கேட்டுக்கொள்வதே முறை. ஆகவே நாம் மிகச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஞாயிறு திருப்பலியின் முடிவில், இறுதி ஆசீருக்கு முன்னர் நாம் வாசிக்கும் அறிவிப்புகளில் ஆண்டுக்கொருமுறை வரும் பள்ளிக்கூட அறிவிப்புதான் அது.

அறிவிப்பு நேரம் எப்படிப்பட்டது என்பது உங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். திருமண ஓலைகளை வாசிக்கும்வரை காதுகள் திறந்திருக்கும். அதன்பின் பின்வரிசைகளில் செருப்புத் தேடும் ஓசையும், வெளியே வண்டிகளைக் கிளப்பும் ஓசையும் கேட்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் வட்டாரப் பள்ளியிலிருந்து வந்த தாள் நம் கைக்கு வரும். அதில் இருப்பது ஐந்தாறு வரிகளே: 'வரும் கல்வியாண்டுக்கு ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை தொடங்குகிறது. ஆண், பெண் இருபாலரும் சேரலாம். சாதி, மத வேறுபாடு இல்லை. தமிழும் ஆங்கிலமும் கற்பிக்கப்படும். மதிய உணவு உண்டு. கட்டணம் இல்லை. பெற்றோர் கூட்டம் இன்ன தேதியில் நடைபெறும்.'

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று, திருப்பலி நீண்டுவிட்டது என்று எண்ணி, இந்தத் தாளை வாசிக்காமல் மடித்து வைத்துவிட்டோம். அடுத்த வாரமும் மறந்துபோனோம். பல வாரங்கள் கழித்து ஒரு தாய் தம் மகனைக் கையில் பிடித்தபடி பங்கு இல்லத்திற்கு வந்தார். 'சாமி, பள்ளிக்கூடத்தில் எப்போது பிள்ளைகளைச் சேர்ப்பார்கள்? கோயிலில் சொல்வீர்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்' என்றார். சேர்க்கை முடிந்து பள்ளியும் திறந்தாகிவிட்டது. பள்ளி வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, 'எனக்கு வாசிக்கத் தெரியாதே சாமி' என்றார்.

அன்று நாம் வெட்கப்பட்டோம். மறுநாள் அவருடன் பள்ளிக்குச் சென்றோம். தலைமை ஆசிரியை மறுப்பேதும் சொல்லாமல் சிறுவனைச் சேர்த்துக்கொண்டார். ஆயினும் நம் மனம் ஆறவில்லை. நாம் மடித்து வைத்தது வெறும் தாளை மட்டுமா என்ற கேள்வி எழுந்தது. அந்த வரிகள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தன, யாருக்கு எப்போது மறுக்கப்பட்டிருந்தன என்று தேடத் தொடங்கினோம். அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

'சேர்க்கை தொடங்குகிறது'

நம் நாட்டில் பள்ளிக்கூடமே இல்லாதிருந்தது, ஐரோப்பியர் வந்துதான் திறந்தார்கள் என்று எண்ணுவது தவறு. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நம் ஊர்களில் நெடுங்காலமாக இருந்தன. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். கை தேறியபின் ஓலையும் எழுத்தாணியும் வந்தன. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை நடத்தி வந்த ஆண்ட்ரூ பெல் என்பார், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மணல் எழுத்தைக் கண்டு வியந்தார். அதைத் தம் இல்லத்தில் கையாண்டு, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, இங்கிலாந்துக்கும் கொண்டு சென்றார். அங்கே அது 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது. இது நமக்குப் பெருமைதான்.

ஆனால் பெருமையோடு நின்றுவிடலாகாது. அந்தத் திண்ணையில் யார் அமர்ந்தார்கள் என்று கேட்க வேண்டும். நம்மைச் சூழ்ந்திருந்த ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தில் ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஒரு கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். 1826-இல் வெளியான அதன் முடிவு இது: ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள், அவற்றில் 1,88,650 மாணவர்கள். அதாவது 67 பேருக்கு ஒருவர். வீட்டிலேயே பயின்றவர்களையும் சேர்த்தால் தொகை கூடும் என்று மன்றோவே குறிப்பிட்டார். ஆயினும் பள்ளிக்குச் சென்ற அத்தனை பேரிலும் பெண் குழந்தைகள் 4,540 பேர் மட்டுமே. நாற்பது பிள்ளைகள் அமர்ந்த திண்ணையில் ஒரு சிறுமி இருந்தாளா என்பதே ஐயம்.

'ஆண், பெண் இருபாலரும்'

பெண் குழந்தைகளின் கல்வியில் முதலிடம் யாருக்கு என்று போட்டியிடுவது நம் நோக்கமன்று. தரங்கம்பாடியில் லூத்தரன் சபைப் போதகர் சீகன்பால்கு 1707-இலேயே சிறுமியருக்குப் பள்ளி தொடங்கினார் என்பதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறோம். நம் புதுவையில் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1827-இல் வந்து சேர்ந்தனர். ஆனால் தமிழ்க் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, தமிழ்ப் பெண் ஒருவரிடமே எழுத்துக் கற்கும் நிலை வர 1844 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாம் குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாட்களில், 1844-ஆம் ஆண்டின் புதுச்சேரிச் சங்கத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அப்போது அது ஒரு தேதியாகவே தெரிந்தது. இப்போது அதன் பொருள் விளங்குகிறது. பாரிஸ் வேதபோதக சபையினர் 1776-இல் இயேசு சபையாரிடமிருந்து இந்த வேதபோதகப் பகுதியை ஏற்றுக்கொண்டவர்கள். 1836 முதல் இதன் தலைவராக இருந்த மேதகு பொன்னான் ஆண்டகை, 1844-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் குருக்களைப் புதுவைக்கு அழைத்துச் சங்கம் கூட்டினார். இந்நாட்டுக் குருக்களை உருவாக்குதல், குருமடம், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடங்கள் ஆகியவை அங்கே ஆராயப்பட்டன.

இவை ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. எழுத்தறியாத வீட்டிலிருந்து குருமாணவன் எப்படி வருவான்? அச்சங்கத்தின் முடிவுகளை உரோமைக்குக் கொண்டு சென்றவர் லுக்கே என்ற இளங்குரு. இந்நாட்டுக் குருக்களை உருவாக்குமாறு 1845 நவம்பரில் உரோமை விடுத்த அறிவுறுத்தலுக்கு அம்முடிவுகள் ஒரு தூண்டுகோலாயின. நம்மைப் போன்ற தமிழ்க் குருவானவர் ஒருவர் இன்று உங்கள் முன் நின்று அறிவிப்பு வாசிக்கிறார் என்றால், அதற்கும் அந்தச் சங்கத்திற்கும் தொடர்புண்டு. புதுவையின் பெத்தி செமினேர் பள்ளி தன் பிறந்த ஆண்டாகக் கொள்வதும் அதே 1844-தான்.

சிறுமியருக்குப் பள்ளி என்றவுடன் ஒரு சிக்கல் எழுந்தது. ஆண் ஆசிரியரிடம் பெண்ணை அனுப்ப எந்தத் தாயும் இசையமாட்டாள். பெண் ஆசிரியையோ ஊரில் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் கோயிலில் ஆடுபவள் என்று எண்ணிய காலம் அது. ஆகவே நற்குடும்பத்துப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்பதே ஊரார் கேள்வி. இந்த முடிச்சை அவிழ்த்தவர் அருட்தந்தை லூயி சவினியேன் துப்புயி. பிரான்சு நாட்டில் 1806-இல் பிறந்து, 1832-இல் புதுவைக்கு வந்தவர். கற்பிக்கும் பணியையே தங்கள் துறவுப் பணியாக ஏற்கும் தமிழ்ப் பெண்களைக் கொண்டு 1844 அக்டோபர் 16-ஆம் நாள் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். அதுவே இன்று மரியின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சபை என வளர்ந்திருக்கிறது. பெண்களுக்கு ஆசிரியை இல்லை என்ற குறைக்கு அவர் கண்ட விடை, ஆசிரியைகளை உருவாக்குவதுதான்.

ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். புனே நகரில் சாவித்திரிபாய் புலே அம்மையார் சிறுமியர் பள்ளியைத் தொடங்கியது 1848-இல். கல்கத்தாவில் பெத்தூன் பள்ளி எழுந்தது 1849-இல். அந்த அம்மையார் பள்ளிக்குப் போகும் வழியில் சேற்றையும் கல்லையும் ஏற்றார் என்பது நாடறிந்த செய்தி. வெவ்வேறு நம்பிக்கையினர் வெவ்வேறு ஊர்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே கதவைத் தட்டியிருக்கிறார்கள். அதையும் இறைவனின் திட்டம் என்றே நாம் கொள்கிறோம்.

'சாதி, மத வேறுபாடு இல்லை'

இந்த வரியை வாசிக்கும்போது நம் குரல் சற்றுத் தாழ வேண்டும். நம் சொந்த வீட்டுக் கதையே அதில் அடங்கியிருக்கிறது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நீங்கள் அறிவீர்கள். புதுவையில் நடந்தவற்றை நாள்தோறும் எழுதிவைத்த அவர், 1745-ஆம் ஆண்டுக் குறிப்பில் சம்பா கோயிலுக்குள் இருந்த ஒரு சுவரைப் பற்றிச் சொல்கிறார். தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிறரிடமிருந்து பிரிக்க எழுப்பப்பட்ட சுவர் அது. அம்மக்கள் திரண்டு சென்று முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. ஒரே பீடம், ஒரே நற்கருணை, நடுவில் சுவர்! சுவர் விழுந்தபின்னும் மனத்தில் இருந்த சுவர் விழவில்லை. தனி வரிசையும் தனிக் கல்லறைத் தோட்டமும் தமிழகத் திருச்சபையின் பல இடங்களில் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தன. கோயிலுக்குள்ளேயே இந்நிலை என்றால், பள்ளித் திண்ணையில் இடம் கிடைத்திருக்குமா?

ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கென்று தனியே பள்ளிகள் திறக்க நேர்ந்தது. சென்னை அடையாறில் பிரம்மஞான சபையைச் சேர்ந்த கர்னல் ஆல்காட் 1894-இல் தொடங்கிய இலவசப் பள்ளி அவற்றுள் பேர்பெற்றது. தனிப்பள்ளி என்பது முதற்படியே. ஒரே பலகையில் சேர்ந்து அமர்வதே முழுமை. இந்திய அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அரசின் உதவி பெறும் எந்தக் கல்வி நிலையத்திலும் மதம், இனம், சாதி, மொழி என்ற காரணங்களைச் சொல்லி இடம் மறுக்கலாகாது என்று 29-ஆம் பிரிவு கூறியது. அத்தகைய பள்ளியில், பெற்றோரின் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் மறைக்கல்வி வகுப்பில் அமர்த்தக்கூடாது என்று 28-ஆம் பிரிவு விதித்தது. இவை நமக்கு எதிரான விதிகள் என்று எண்ணுவோர் சிலர் உண்டு. நாம் அப்படி எண்ணவில்லை. 1745-இல் முறையிட்டவர்கள் கேட்டதைத்தானே இவை சட்டமாகச் சொல்கின்றன?

'தமிழும் ஆங்கிலமும் கற்பிக்கப்படும்'

புனித லசால் அருளப்பர் 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளிகள் நிறுவியபோது, பிள்ளைகள் முதலில் இலத்தீனில் வாசிக்கப் பழகும் வழக்கத்தை மாற்றி, அவர்கள் பேசும் பிரெஞ்சு மொழியிலேயே வாசிக்க வைத்தார். புரிகிற மொழியில் தொடங்கினால்தான் ஏழைப் பிள்ளை நிலைத்து நிற்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். 1950-இல் திருச்சபை அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தது.

நம் துப்புயி சுவாமிகளும் இதை உணர்ந்திருந்தார். பள்ளி இருந்தால் போதாது, புத்தகம் வேண்டும். புத்தகத்திற்கு அச்சகம் வேண்டும். 1840-ஆம் ஆண்டு வாக்கில் புதுவையில் வேதபோதக அச்சகத்தை உருவாக்கினார். முசே சுவாமிகளோடு இணைந்து அவர் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855-லும் 1862-லும் இரு பாகங்களாக அந்த அச்சகத்திலிருந்தே வெளிவந்தது. ஆட்சியாளரின் மொழி பிரெஞ்சு. அரசு அலுவலுக்கு அதுவே வாசல். ஆயினும் வேதபோதகர் ஒருவர் தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து அடுக்கி வைத்தார். அவர் 1874-இல் மறைந்தார்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு, நம் சாலையிலேயே விடை இருக்கிறது. ரெட்டியார்பாளையத்திலிருந்து நம் மூலக்குளம் வழியாக, லூர்து அன்னையின் திருத்தலம் அமைந்த வில்லியனூருக்குச் செல்கிறதே, அந்தச் சாலை. அந்த வில்லியனூரில் 1915-இல் பிறந்த ஒரு சிறுவனுக்குத் தொடக்க வகுப்பில் ஆசிரியராக வாய்த்தவர் கனக சுப்புரத்தினம். அவரைப் பாவேந்தர் பாரதிதாசன் என்று நாடு அறியும். 1909-இல் ஆசிரியப் பணியில் சேர்ந்து, 1946 வரை பிரெஞ்சிந்தியப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவர் அவர். அந்தச் சிறுவன் வளர்ந்து வாணிதாசன் என்ற கவிஞரானார். அவரும் ஆசிரியராகவே வாழ்ந்து 1974-இல் மறைந்தார். ஒரு தொடக்க வகுப்பறையில் இரண்டு கவிஞர்கள் எதிரெதிரே இருந்தார்கள். அன்று அது எவருக்கும் தெரிந்திராது. பாவேந்தரின் சமயக் கருத்துகள் வேறு, நம்முடையவை வேறு. ஆசிரியர் என்ற முறையில் அவரை வணங்க அது தடையாகாது.

1954 நவம்பர் முதல் நாள் புதுவை இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படியும் இணைந்தது. பிரெஞ்சு ஒதுங்கியது, ஆங்கிலம் அந்த நாற்காலியில் அமர்ந்தது. 2023-24 கல்வியாண்டு தொடங்கி நம் அரசுப் பள்ளிகள் மத்திய வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறின. ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; பிள்ளைகளின் பிழைப்புக்கு அது வேண்டும். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வாசகம் வாசிக்க பீடத்தருகே வந்து, தமிழ் எழுத்துகளைக் கூட்டத் தெரியாமல் கண்கலங்கி நின்றதை நாமே பார்த்திருக்கிறோம். ஆங்கிலத்திலும் அந்தப் பிள்ளையால் தடையின்றி வாசிக்க முடியவில்லை. இரண்டும் இல்லாமல் போவதுதான் நம் அச்சம்.

'மதிய உணவு உண்டு'

பசித்த பிள்ளையின் காதில் பாடம் ஏறாது. இதை உணர்ந்து சென்னை மாநகராட்சியினர் தியாகராய செட்டியார் தலைமையில் 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு உணவு தரத் தொடங்கினர். நம் புதுவையிலோ பிரெஞ்சு நிர்வாகம் 1930-இலேயே பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காமராசர் 1956-இல் அதைப் பரவலாக்கினார், 1982-இல் எம்.ஜி.இராமச்சந்திரன் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு தரவேண்டும் என்று ஆணையிட்டது. 2022-இல் தமிழ்நாடு அரசு காலை உணவையும் சேர்த்தது.

ஒரு வேளைச் சோறு என்று இதை எளிதாக நினைக்கலாகாது. பிள்ளையை வேலைக்கு அனுப்பலாமா, பள்ளிக்கு அனுப்பலாமா என்று தடுமாறும் தாயின் தராசில், பள்ளியின் தட்டைத் தாழ்த்துவது இந்தச் சோறுதான். அதோடு, ஒரே வரிசையில் அமர்ந்து, ஒருவர் சமைத்ததை எல்லாரும் உண்ணும்போது, 1745-இன் சுவர் இன்னும் ஒரு கல் இறங்குகிறது.

'கட்டணம் இல்லை'

1597-இல் உரோமை நகரின் ஏழைப் பகுதியில், ஒரு கோயிலின் பக்கத்து அறையில் புனித கலசாங்சு சூசையப்பர் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஐரோப்பாவில் எல்லாருக்குமான இலவசப் பள்ளிகளுக்கு அது முன்னோடி என்பர். அன்று அது அறச்செயல். இன்று நம் நாட்டில் அது உரிமை. 2002-இல் செய்த திருத்தத்தின்படி அரசியல் சாசனத்தில் 21-ஏ பிரிவு சேர்ந்தது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயதுவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி என்று அது சொல்கிறது. கெடு தேதி கடந்து வந்தாலும் பிள்ளைக்குச் சேர்க்கை மறுக்கலாகாது என்றும் அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவு கூறுகிறது. தலைமை ஆசிரியை அன்று அந்தச் சிறுவனைச் சேர்த்துக்கொண்டது அவரது நல்ல மனத்தால் மட்டுமன்று என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அந்தத் தாய் கெஞ்சத் தேவையிருக்கவில்லை. அது அவர் மகனின் உரிமை. அதுவும் அவருக்குத் தெரியாது. நமக்கும் அன்று தெரியாது.

இதே சட்டம் தனியார் பள்ளிகளில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை மறுபடியும் ஆராய வேண்டும் என்று 2025-இல் வேறொரு அமர்வு கருத்துரைத்தது. நீதிமன்றம் எதைச் சொன்னாலும் நம் மனச்சாட்சி சொல்வது ஒன்றுண்டு. சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தாத இடத்தில்தான், நாம் யாருடைய சீடர்கள் என்பது வெளிப்படும். ஏழைகளுக்காகப் பிறந்த கத்தோலிக்கப் பள்ளி எதுவாயினும், தன் பதிவேட்டில் ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஆண்டுக்கொருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

'பெற்றோர் கூட்டம் நடைபெறும்'

வரலாறு இதோடு முடிந்தது; இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். அறிவிப்பின் கடைசி வரி வரும் நிகழ்ச்சிகளைப் பற்றியது. மற்ற வரிகளை எல்லாம் பிறர் நமக்காகப் பெற்றுத் தந்தார்கள். இந்தக் கடைசி வரியை நிறைவேற்ற வேண்டியவர்கள் நாம்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளில் ஒரு சிறுமியைத் தேட வேண்டியிருந்த நாட்டில், இன்று பள்ளியின் நிர்வாகத்திலேயே தாய்மாருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அந்த நாற்காலி காலியாக இருக்கலாமா? திருவிழாக் கூட்டத்திற்கு விடுப்பு எடுக்கும் நாம், பெற்றோர் கூட்டத்திற்கு ஒரு மணி நேரம் எடுக்கக் கூடாதா? கூட்டத்தில் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். பிள்ளை தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் வாசிக்கிறதா என்று கேளுங்கள். கேட்கும் பெற்றோர் உள்ள பள்ளி கெட்டுப்போவதில்லை.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் புதுச்சேரியில் எழுத்தறிவு பெற்றோர் 85.85 விழுக்காடு, பெண்களில் 80.67 விழுக்காடு. நல்ல முன்னேற்றம் என்று மகிழலாம். ஆனால் அந்த எண்ணைத் திருப்பிப் பாருங்கள்: ஐந்து பெண்களில் ஒருவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. ஞாயிறு திருப்பலியில் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அவராக இருக்கலாம். திருப்பலிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே அவர் வாசிக்கத் தெரிந்தவர் போலப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம். முதலாவது, ஒவ்வொரு அன்பியமும் தன் தெருக்களில் ஆறு வயது நிறையும் பிள்ளைகளை, எந்த மதத்தினராயினும், அறிந்து வைத்துக்கொள்ளட்டும். நம் பகுதியில் எழும் கட்டடங்களில் வேலை செய்ய வெளியூரிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகளை விட்டுவிட வேண்டாம். இரண்டாவது, வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலையேனும் சிறுவர்களோடு அமர்ந்து, ஒரு தமிழ்க் கதையை உரக்க வாசிக்கட்டும். சட்டாம்பிள்ளை முறை நம்முடையதுதானே! மூன்றாவது, பள்ளி அறிவிப்பைக் கேட்டவர், கேளாத ஒருவருக்கு அதை நேரில் சொல்லட்டும்.

நாம் நம் பங்குக்கு ஒரு வாக்குறுதி தருகிறோம். பள்ளிக்கூடத்துத் தாள் வரும் ஞாயிறுகளில், திருப்பலி எவ்வளவு நீண்டாலும், அதை இரண்டு முறை வாசிப்போம். தேதியை மூன்று முறை சொல்வோம். அதுவரை செருப்புத் தேடாமல் பொறுத்துக்கொள்ளுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

அன்று நம்மிடம் வந்த அந்தச் சிறுவன் இப்போது வாசிக்கிறான். சென்ற ஆண்டுச் சேர்க்கையின்போது பள்ளி வாசலில் ஒட்டியிருந்த தாளை, அருகில் நின்ற தன் தாய்க்கு விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டியதை நாம் சாலையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தோம். சேர்க்க வேண்டிய பிள்ளை இன்னொன்று அந்தத் தாயின் இடுப்பில் இருந்தது. அது பெண் குழந்தை.

சிறுவர்களைத் தம்மிடம் வரவிடச் சொன்ன நம் ஆண்டவர், நம் பிள்ளைகளையும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களையும், பங்கு மக்கள் அனைவரையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.

இறைவனின் ஊழியத்தில்,
உங்கள் பங்குத் தந்தை,
மூலக்குளம், புதுச்சேரி.